பாத்ரூம் வரைக்கும்

கீசர் மெக்கானிக்குக்கு ஐப்பசி மழை தொடங்கி தை முடியும் வரைதான் மரியாதை. மற்ற மாதங்களில் அவன் போன் நம்பரை யாரும் தேடுவதில்லை. இதைப் படிக்கும் நீங்களும் என்றாவது ஒரு காலை, உடம்பெல்லாம் சோப்போடு குழாயைத் திருகிவிட்டு, சில்லென்று கொட்டிய தண்ணீருக்குக் கீழே நின்று என்னைப் போன்ற ஒருவனைத் திட்டியிருப்பீர்கள். அதில் எனக்குக் கோபமில்லை. நான் கிழக்குத் தாம்பரத்துக்காரன். படிப்பு ஐந்தாவதோடு நின்றது. திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் சில காலம் தகரம் வெட்டினேன், பிறகு இந்தத் தொழில். பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் மறந்துபோயிற்று. என்னை ஒரு வார்த்தை சொன்னவனை மட்டும் மறப்பதில்லை.

மண்டபத்தில் ஓர் அறிமுகம்

என் மனைவி எஸ்தருக்கு ஒரே தம்பி, டேவிட். செம்பாக்கத்தில் சொந்த வீடு, மனை வாங்கி விற்கும் தொழில். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் மகள் ரூபிக்குக் கல்யாணம். முதல் நாளே மண்டபத்துக்குப் போய், மாப்பிள்ளை வீட்டார் தங்கும் அறைகளில் கீசர் ஓடுகிறதா என்று பார்த்து, ஓடாததை ஓட வைத்தவன் நான். யாரும் கேட்டுச் செய்யவில்லை, நம் வீட்டுக் கல்யாணம் என்று செய்தேன்.

சாயங்காலம் வரவேற்பில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். சம்பந்தி என்னைப் பார்த்துவிட்டு யார் என்று கேட்டார். டேவிட் என் பெயரையும் சொல்லவில்லை, உறவையும் சொல்லவில்லை. பாத்ரூம் வேலை பார்ப்பவர் என்றான். சம்பந்தி தலையை ஆட்டிவிட்டு, மேல்மாடியில் ஃப்ளஷ் வேலை செய்யவில்லை என்று என்னிடம் சொன்னார்.

பந்தியில் உட்காராமல் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். எஸ்தர் பின்னால் வந்து சேர்ந்ததும், டேவிட் வீட்டு வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன் என்று சொன்னேன். அவள் பூவை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "சபதம் போட்றவரு பிரியாணிய துன்னுட்டு வந்து போட்டிருக்கலாம். மட்டன் நல்லா இருந்துச்சு."

அணைத்தாலும் அணையாத கீசர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு அம்மா நல்ல கத்திரி வெயிலில் போன் செய்தார். சுவிட்சை அணைத்துவிட்டாராம், பிளக்கையும் பிடுங்கிவிட்டாராம், அப்படியும் குழாயில் கொதிக்கக் கொதிக்க வருகிறதாம். கோடையில் எனக்கு வரும் ஒரே அழைப்பு, விடுவேனா, உடனே போனேன். கீசர் குழாயைத் திறந்தேன், சுட்டது. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தேன், சுட்டது. செடிக்கு விடும் குழாயும் சுட்டது. மொட்டைமாடிக்கு ஏறிப் பார்த்தால், நிழலே இல்லாத இடத்தில் கறுப்பு டேங்க் நின்றுகொண்டிருந்தது.

"அம்மா, இது கீசர் இல்ல, வெயிலு. இதுக்கு சுவிட்ச் என்கிட்ட இல்ல" என்றேன். அவர் வெட்கப்படவில்லை, சிரிக்கவும் இல்லை. எனக்கு மோர் கொடுத்துவிட்டு, ரொம்ப யோசனையோடு கேட்டார்: "அப்ப இதையே மார்கழிக்குக் கொஞ்சம் புடிச்சு வைக்க முடியுமாப்பா?"

உறுமும் பெட்டி

பொத்தேரியில் காலேஜ் பையன்கள் ஆறு பேர் தங்கியிருந்த வீடு. கீசரைப் போட்டால் உள்ளே ஏதோ உறுமுகிறது என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது பாத்ரூம் கதவை வெளியே தாழ் போட்டு வைத்திருந்தார்கள், பெட்டி வெடித்தால் உள்ளேயே வெடிக்கட்டும் என்று. இறக்கி, அடிமூடியைக் கழற்றினேன். உப்புப் பாறை பொலபொலவென்று கொட்டி அரை பக்கெட் நிறைந்தது. நடுவில், தண்ணீரைச் சுடவைக்கும் கம்பியான காயில், சுண்ணாம்பில் முக்கிய முருங்கைக்காய் மாதிரி இருந்தது.

நம் பக்கத்து போர் தண்ணீர் அப்படி. ஒரே நாளில் படிவதில்லை, தினம் கொஞ்சமாகப் படியும். ஒரு நாள் தண்ணீரும் சுடாது, பெட்டியும் உறுமும். அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு ஏனோ டேவிட் ஞாபகம் வந்தது, நிறுத்திக்கொண்டேன். அதற்குள் ஒரு பையன் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு தலையைத் தடவினான். பிறகு என்னிடம் சொன்னான்: "அண்ணா, இந்த பக்கெட்ட ஒரு போட்டோ எடுத்துத் தாங்க. எனக்கு முடி கொட்றது லவ்வாலதான்னு எங்கம்மா நம்பிக்கினு இருக்காங்க."

நடுவில் எஸ்தர்

போன மார்கழி. ரூபி பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்து ஆண் குழந்தை பெற்றிருந்தாள். எஸ்தர் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒருநாள் காலை, நான் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது அவள் போனைக் காதில் வைத்தபடியே வந்தாள்.

"டேவிட்டு வூட்ல பாத்ரூம் குழாயத் தொட்டா சுர்ருனு கரண்டு புடிக்குதாம். கேக்கச் சொல்றான்."

"யாருகிட்ட கேக்கச் சொன்னான்?"

"உங்ககிட்டதான். நீங்கதான பாத்ரூம் வேலை பாக்குறவரு."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன். "யாரும் எதையும் தொடாதீங்கன்னு சொல்லு. மெயின ஆஃப் பண்ணச் சொல்லு."

"மெயின ஆஃப் பண்ணுடா... எந்த மெயினுன்னு கேக்குறான்."

"உன் தம்பி இன்னா நாலு மெயினா வச்சிக்கினு கீறான்? மீட்டர்கிட்ட கீதே, அதான்."

"மீட்டர்கிட்ட கீறத... ஆங், பண்ணிட்டானாம்."

"இதுக்கு முன்னாடி கீசர்ல எதுனா கைய வச்சானா, கேளு."

அவள் கேட்டாள். பிறகு எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். சில நாட்களாகவே கீசரைப் போட்டால் வீட்டில் கரண்ட் போய்க்கொண்டிருந்ததாம். வீடியோ பார்த்து, பிளக்கில் இருந்த பச்சை ஒயரைக் கழற்றிவிட்டானாம். அதற்கப்புறம் கரண்ட் போகவே இல்லையாம்.

உங்களில் யாராவது இதைச் செய்திருந்தால் இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். பச்சை ஒயர் எர்த். உள்ளே காயில் வெடித்துப் பெட்டியில் கரண்ட் பாய்ந்தால், அது அந்த ஒயர் வழியாக மண்ணுக்குப் போகும், மெயினும் விழுந்து கரண்ட் நின்றுவிடும். விழுவதுதான் அதன் வேலை. ஒயரைக் கழற்றினால் மெயின் விழாது, மனுஷன்தான் விழுவான். அந்தக் குழாயில்தான் ரூபியின் குழந்தைக்குத் தினமும் சுடுதண்ணீர் பிடித்தார்கள்.

கொடியில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு டூல் பையை எடுத்தேன். எஸ்தர் போனைக் கையால் மூடிக்கொண்டு கேட்டாள்: "வாசப்படிய மிதிக்க மாட்டேன்னீங்களே, ஓட்டப் பிரிச்சிக்கினு எறங்கப் போறீங்களா?"

பின்பக்கம்

நான் சொன்னது வாசப்படியைப் பற்றித்தான். பின்பக்கம் பற்றி எதுவும் சொல்லவில்லை. பக்கவாட்டுச் சந்தில் நுழைந்து, துவைக்கிற கல்லைச் சுற்றி, சமையலறைக் கதவு வழியாக பாத்ரூமுக்குப் போனேன். "இன்னா மாமா, திருடன் மாதிரி வர்றீங்க?" என்றாள் ரூபி. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

டேவிட் பாத்ரூம் கதவோரம் நின்றான். நான் அவனோடு பேசவில்லை. காயில் நடுவில் பிளந்திருந்தது. புதுக் காயில் போட்டு, பச்சை ஒயரை அதன் இடத்தில் இறுக்கி, மெயினைப் போட்டேன். டெஸ்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தேன், எரியவில்லை, கரண்ட் இல்லை. பிறகும் நானே முதலில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேவிட் சுவரைப் பார்த்தான், கண் கலங்கியிருந்தது. அந்தத் தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். கொஞ்சம் அழுதது, பிறகு சூட்டுக்குச் சொக்கி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அதைப் பார்த்ததில் என் மனசு நிறைந்துவிட்டது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

"மாமா, ஹால்ல வந்து உக்காருங்க, டிபன் சாப்டலாம்" என்றான் டேவிட். நான் ரூபியிடம், "பச்சை ஒயர் கிட்டயே போவக் கூடாதுன்னு உங்கப்பாகிட்ட சொல்லிடும்மா. டிபன இங்கயே குடு" என்றேன். துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து ஐந்து இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறி நன்றாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டி, கல்லில் உட்கார்ந்து சாப்பிடுவது யார் என்று டேவிட்டைக் கேட்டார். இந்த முறை அவன் உறவைத்தான் முதலில் சொன்னான்: "எங்க அக்கா வூட்டுக்காரரு சார், எங்க மாமா. உசுரையே குடுப்பாரு, ஆனா பாத்ரூம் வரைக்கும்தான் வருவாரு, ஹாலுக்குக் கூப்ட்டா கோச்சிக்குவாரு."

காயிலில் படிந்த உப்பை நான் யாருக்கு வேண்டுமானாலும் சுரண்டித் தருவேன், எனக்குள் படிந்ததை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மார்கழியில் கொஞ்சம் சுரண்டினால் போதும் என்று விட்டு வைத்திருக்கிறேன்.