அவள் சொல்ல வந்த பதில்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து மகளுக்குத் தலையில் அடிபட்ட பிறகு, பேச்சுப் பயிற்சி தருபவர் எங்களிடம் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். கேட்பதெல்லாம் அவளுக்குப் புரிகிறது, மூளையில் பட்ட காயத்தால் சொல்தான் தாமதமாக வருகிறது, நீங்கள் எடுத்துக்கொடுக்காமல் காத்திருங்கள் என்று.

வீட்டில் தமிழில் காத்திருக்க முடிகிறது. வெளியே முடியவில்லை. அவள் மராத்தி பேசும் இந்தச் சிஞ்ச்வட்டில் பிறந்து வளர்ந்தவள். என் மராத்தி தடுமாறும்போதெல்லாம் கடையிலும் வங்கியிலும் எனக்காகப் பேசியவள். அவள் திணறுவதைப் பிறர் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நேற்று லிஃப்டில் பக்கத்து ஃபிளாட்டுப் பெண்மணி அவளிடம், "கஷி ஆஹேஸ்?" என்று நலம் விசாரித்தார். மகளின் உதடு அசைந்தது. நான் முந்திக்கொண்டேன். "பரி ஆஹே, பரி ஆஹே." நன்றாக இருக்கிறாள் என்று நானே சொல்லிவிட்டேன். பிறகு அவர், சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று என்னிடமே கேட்டார். அவள் எங்கள் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக் கதவைத் திறக்கும்போது மகள் மெதுவாகச் சொன்னாள். "நல்லா... இல்லன்னு சொல்ல வந்தேம்மா."

என்ன செய்கிறது என்று கேட்டேன். பதில் வர நேரமாயிற்று. சாவியைப் பிடித்தபடி, வாயைத் திறக்காமல் நின்றேன்.