வெள்ளிக்கு முளைத்த நிலாக்கள்

டீச்சர் என் முகத்தில் குழைத்து அப்பிய செங்காவி காய்ந்து, வாயைத் திறந்தாலே கன்னம் இழுத்தது. நான் வாயைத் திறக்கிற பிள்ளையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, விருத்தாசலத்தில் அஞ்சாவது படிக்கும்போது, ஆண்டு விழாவில் கிரகங்கள் ஆட்டத்துக்கு என்னைச் செவ்வாயாக நிறுத்தினார்கள். செவ்வாய்க்கு ரெண்டு நிலா. நிலாவாக வருகிறவர்கள், பீங்கான் கம்பெனிச் சூளையில் கோணிப்போன "கழிச்சல்" தட்டைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு தங்கள் கிரகத்தைச் சுற்ற வேண்டும். எனக்குப் பக்கத்து வூட்டு அஞ்சலையும் இன்னொருத்தியும். கம்பெனியில் மண் பிசைகிறவர் மகளை நடுவில் வைத்து ரெண்டு பேர் சுற்றுவது லேசா? ராத்திரியெல்லாம் எனக்குத் தூக்கமில்லை.

கம்பெனி அதிகாரியின் மகள் வெள்ளி. ஒத்திகை பார்க்க வந்த அவள் அம்மா, "எங்க பொண்ணு மட்டும் ஏன் ஒண்டியா சுத்துது?" என்று கேட்டதுதான் தாமதம், புதனுக்கும் வெள்ளிக்கும் நிலா கிடையாது என்று எங்களை முட்டிபோட வைத்து மனப்பாடம் பண்ணவைத்த அதே டீச்சர், பல்லை இளித்துக்கொண்டு, ஆட்டுக்குட்டியை மாற்றிக் கட்டுகிற மாதிரி என் நிலா ரெண்டையும் ஓட்டிக்கொண்டுபோய் அவளிடம் விட்டார். "செவ்வாய்க்கு நிலா இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, யாருடி டார்ச் அடிச்சுப் பாக்கப் போறா?" என்று எனக்குச் சமாதானம் வேறு. வூட்டில் சொன்னால் அம்மா, "அவங்க சம்பளம் குடுக்கிறவங்க. கம்முனு கெட" என்றாள்.

விழாவன்று நான் ஒண்டியாகச் சுற்றினேன். வாத்தியார்கள் அத்தனை பேரும் முன்வரிசையில் உட்கார்ந்து வெள்ளியைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒருத்தருக்கும் படித்த படிப்பு ஞாபகம் வரவில்லை. பாதி ஆட்டத்தில் அஞ்சலை தட்டோடு மேடையைக் குறுக்கே கடந்து வந்து என்னைச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏ மூதேவி, அங்க போடி!" படுதாவுக்குப் பின்னாலிருந்து டீச்சர் பல்லைக் கடித்தார்.

"போமாட்டேன் டீச்சர். நான் இவ நிலா."

அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்து, அதற்கும் கைதட்டின அந்த ஜனங்களை என்னவென்று சொல்ல? மறுநாள் அஞ்சலையின் உள்ளங்கை பிரம்படியில் வீங்கியிருந்தது. அடித்தவருக்கு அதிகாரி வீட்டிலிருந்து புதுப் புடவை வந்தது.

கம்பெனி அதிகாரிகள் குடியிருந்த இடத்தில் இப்போது கருவேல முள் மண்டிக் கிடக்கிறது. டீச்சரும் போய்ச் சேர்ந்தார். சனிக்கு நூற்றுக்குமேல் நிலா கண்டுபிடித்துவிட்டார்களாம், வியாழனுக்கும் கூடிக்கொண்டே போகிறதாம், பேத்தி போனில் பார்த்துச் சொல்கிறாள். அத்தனை பெரிய மனுஷர்கள் கைதட்டியும், வெள்ளிக்குத்தான், பாவம், இன்னும் ஒன்றுகூட முளைக்கவில்லை.