எடைக்கு மேலே ஒரு பிடி கொத்தமல்லி

அந்த நாளில் என் உத்தியோகம், விவசாயிகளிடம் போய் அவர்களுக்கே தெரிந்ததை அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. இது என் மனைவி சொன்ன விளக்கம். நான் வேலை பார்த்தது காய்கறித் தோட்டக்காரர்களுக்கான ஒரு கூட்டுறவுச் சங்கத்தில். இரண்டாவது யுத்தம் வருவதற்குச் சில வருஷங்கள் முந்தைய கதை. சைக்கிளில் கன்னடச் சீமையில் இருந்த ஈஜிபுரா கிராமத்துக்குப் போய், சாணியை வறட்டி தட்டி எரிக்காதீர்கள், குழி வெட்டி இலைதழையோடு மக்கவைத்து மண்ணுக்கே கொடுங்கள் என்று பிரசங்கம் செய்வேன். எல்லோரும் தலையாட்டுவார்கள். மறுவாரம் போனால் சுவர் முழுக்க வறட்டி காயும்.

ஒரே ஒரு அம்மாள்தான் எதிர்த்துக் கேட்டாள். ஏரிக்கரை ஓரம் அவளுக்கும் புருஷனுக்கும் சின்னத் தோட்டம். நூல்கோல், கோஸ், பீன்ஸ்.

"சாணிய குழியில போட்டுட்டா அடுப்புல எதை வைக்கறது சாமி? உங்க பேச்சையா?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் விடவில்லை. "வெறகு வாங்கற மாதிரி ஒரு வியாபாரம் காட்டுங்க. குழி வெட்டறேன். இல்லேன்னா சும்னே வந்து உசிர எடுக்காதீங்க."

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. மண்டியில் தரகரும் வாங்குகிறவரும் துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். பக்கத்திலேயே நிற்கிற சரக்குக்காரிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது. நான் சங்கத்தில் மன்றாடி, வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்த தண்டுப் பகுதி மார்க்கெட்டுக்குள் அவளுக்கு ஒரு கடை வாங்கிக் கொடுத்தேன். முத்திரை போட்ட தராசு, பலகையில் எழுதிய விலை, பேரம் கிடையாது. அவள் குழி வெட்டினாள். அடுத்த விளைச்சலில் அந்த நூல்கோலைப் பார்க்க வேண்டுமே! நானே விளைவித்த மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

கடை திறந்த அன்றே தலைவலி ஆரம்பித்தது. தமிழ்க் குடும்பத்துப் பெண்கள் வந்தார்கள், எடை போட்டு வாங்கினார்கள், பிறகு பையை விரித்துக்கொண்டே நின்றார்கள். கொசுறுக்காக. எடை சரியாக இருக்கும்போது கொசுறு எதற்கு என்று நான் விளக்கினேன்.

"சரியான எடைன்னா ஒரு கொத்தமல்லிக்கு ஏன் இந்தப் பாடு படுத்தறீங்க? தராசுல என்னமோ இருக்கு" என்று சொல்லிவிட்டு ஒரு அம்மாள் போனாள். அவளோடு நாலைந்து பேர் போனார்கள்.

மறுநாள் கடைக்காரி என்னைக் கேட்காமல் ஆளுக்கொரு பிடி கொத்தமல்லி போட ஆரம்பித்தாள். கூட்டம் திரும்பி வந்தது. அப்பாடா என்றிருந்தேன். அப்போது ஒரு துரை பங்களாவின் பட்லர் வந்தார். தமிழர், வெள்ளை உடுப்பு, வாரத்துக்குக் கூடை கூடையாக வாங்குகிறவர். கொத்தமல்லியைப் பார்த்ததும் பாம்பைப் பார்த்த மாதிரி பின்வாங்கினார்.

"இது பில்லுல இல்லையே. நான் கடைக்காரியோட கூட்டுன்னு துரைசானி நெனைச்சா என் வேலை என்னாவறது? தராசு கரெக்டா இருந்தா மேல எதுக்கு போடறீங்க?"

கொசுறு கொடுக்காவிட்டால் தராசு பொய். கொடுத்தாலும் தராசு பொய். அந்தத் தராசை நானே சோதித்திருந்தேன், அதில் ஒரு குற்றமும் இல்லை. பட்லர் சங்கத்துக்கே போய்ப் புகார் சொல்ல, மேலதிகாரி வந்தார். இனி கொசுறு கூடாது, மீறினால் கடை கிடையாது என்றார். நான் அதை அப்படியே அவளிடம் ஒப்பித்தேன். அவள் தராசைத் துடைத்து மாட்டிவிட்டுப் போனாள். மறுநாள் கடைக்கு வரவில்லை.

எனக்குப் பயம் கடையைப் பற்றி அல்ல, குழியைப் பற்றி. வியாபாரம் இல்லையென்றால் விறகு இல்லை. விறகு இல்லையென்றால் சாணி அடுப்புக்குப் போய்விடும். ஒரு குழி மூடினால் ஈஜிபுராவில் இன்னொரு குழி யாரும் வெட்டமாட்டார்கள். சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். சுவரில் வறட்டி இல்லை. குழி மண் பூசி ஈரமாக இருந்தது. அதன் ஓரமெல்லாம் கொத்தமல்லி தளதளவென்று நின்றது. புருஷன் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்.

"அவ மார்க்கெட்டுக்குப் போனாளே" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பி வந்தால், மார்க்கெட் வாசலுக்கு வெளியே கோணி விரித்து, காயைக் கூறு கட்டி வைத்து அவள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் கூட்டம். அதற்குள்ளே அந்தப் பட்லர்! உள்ளே எங்கள் தராசு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள என்ன கொறச்சல்?" என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"கொறச்சல் ஒண்ணுமில்ல சாமி. கேக்கறவங்களுக்குக் குடுக்கறேன், வேணாங்கறவருக்குக் குடுக்கல. இதுக்குப் போயி ஒரு சட்டமா?"

"குழியை மூடிடமாட்டீங்களே?"

"மூடிட்டா கொத்தமல்லிக்கு எங்க போறது? பாத்தியில போட்டா அது விக்கற சரக்கு, சும்மா குடுக்கக் கை வராது. குழி ஓரத்துல தானா வர்றதத்தான் சும்மா குடுக்கறேன்."

சங்கத்தில் என்ன சொல்வது? கடை தோற்றது, குழி ஜெயித்தது என்றா? நல்ல சந்தை வேண்டும் என்றாள். நான் காட்டியதை விட்டுவிட்டு வாசலுக்கு வெளியே தானே ஒன்றைக் கண்டுபிடித்துக்கொண்டாள். அப்படியானால் நான் செய்த உதவிதான் என்ன? இன்றுவரை எனக்குத் தெளிவாகவில்லை.

குழப்பத்தோடேயே ஒரு கூறு நூல்கோல் வாங்கினேன். காசை வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். கொத்தமல்லிக் கட்டு அவள் முழங்கால் பக்கத்திலேயே இருந்தது. நான் நகரவில்லை.

"என்ன சாமி?"

பட்லர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையை விரித்தேன்.

"கொஞ்சம் கொத்தமல்லி போடுங்கம்மா" என்றேன்.