லொரெட்டாவின் இடுக்கி

லொரெட்டா ஷிம்கோ பந்தைப் பார்க்க மாட்டாள். அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் அத்தனை பேர் கண்ணும் பந்தின் பின்னால் ஓடும்போது, அவள் கண் முன்வரிசையில் முட்டி மோதும் தடியர்களின் பாதங்களில் இருக்கும்.

போர்ட் ஆல்டனில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். வயது ஐம்பத்தேழு. காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே ஐந்து மணி நேரம் கிடைக்கும். மற்ற ஓட்டுநர்கள் வீட்டுக்குப் போய்க் கண்ணயர்வார்கள். அவள் காலிப் பேருந்திலேயே உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, கல்லூரி ஆட்டக்காரர்களின் கால்களை வீடியோவில் ஓட்டி நிறுத்திப் பார்ப்பாள். குதிகால் சீக்கிரம் எழும்புகிறவன் பின்னால் தள்ளப்படுவான். இது அவளாகவே கண்டுகொண்ட பாடம்.

இந்த வருஷம் அவள் கண்டெடுத்தவன் அயோவாக்காரன் ஓல்டர்மன். போன பருவத்தில் எங்கள் ஊர் டீமான ஸ்டோக்கர்ஸில் பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை எதிரிகள் ஐம்பத்தெட்டு தடவை தரையில் சாய்த்துவிட்டார்கள். கடைசியில் காறை எலும்பு முறிந்தது. அவனுக்கு முன்னால் சுவராக நிற்க ஓர் ஆள் வேண்டும். கல்லூரிப் பையன்களை டீம்கள் முறை வைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில், ஸ்டோக்கர்ஸின் முறை பதினொன்றாவது.

"சுவரை வச்சுக்கிட்டு என்ன பண்றது? பந்தைப் பிடிக்க ஆள் வேணாமா?" என்பான் அவள் கணவனின் தம்பி செட். கூரை வேலைக்காரன். பிப்ரவரியில் இந்தச் சண்டை முற்றியபோது லொரெட்டா வாயை விட்டுவிட்டாள்.

"பதினொண்ணாவதா நம்ம டீம் ஓல்டர்மன் பேரைச் சொல்லலேன்னா, என் இடுக்கி உனக்கு."

மைலோவின் மதுக்கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆட்ட நாட்களில் மைதானத்து வண்டி நிறுத்துமிடத்தில் விடியும்போதே அடுப்பு மூட்டி, மாலை வரை சாசேஜ் சுடுவது எங்கள் வழக்கம். அங்கே அதைப் புரட்டும் இடுக்கி யார் கையில் இருக்கிறதோ, அவர் வைத்ததுதான் சட்டம். யார் எங்கே நிற்பது, யாருக்கு முதல் தட்டு, எல்லாம் அவர் சொல்வதுதான். இருபத்திரண்டு வருஷமாக அது லொரெட்டாவின் கை.

டிராஃப்ட் அன்று, வியாழன் மாலை, அந்த இடுக்கி மைலோவின் மேஜையில் கிடந்தது. எல்லோருடைய செல்போனும் பாப்கார்ன் வாளியில். டிவியை முந்திக்கொண்டு போனில் செய்தி வந்துவிடும் என்பதால், வாளிக்கு மைலோதான் காவல்.

முதல் பத்து டீம்களும் ஆளுக்கொருவனை எடுத்துவிட்டன. ஓல்டர்மன் இன்னும் மிச்சம் இருந்தான்.

"சரி தாயே, ஜெயிச்சுட்ட," என்று செட் தொப்பியைக் கழற்றினான். "இந்த வருஷமும் கருகினதுதான் எனக்கு."

"உனக்குக் கருகினதே ஜாஸ்தி."

ஒவ்வொரு டீமுக்கும் தரப்படும் பத்து நிமிஷக் கடிகாரம் திரையில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிஷம். நாற்பது நொடி. பேர் எழுதிய ஸ்டோக்கர்ஸின் சீட்டு மேடைக்கு வரவில்லை. பத்து நொடி. யாரும் குடிக்கவில்லை.

சுழியம்.

"மைலோ, டிவி நின்னுபோச்சா?" என்றான் செட்.

"டிவி நல்லாத்தான்டா ஓடுது."

ஒருவன் சீட்டோடு மேடைக்கு ஓடினான். அறிவிப்பாளர் ஓல்டர்மன் பெயரைச் சொன்னதும் கடையில் பாதிப் பேர் துள்ளிக் குதித்துக் கத்தினார்கள். லொரெட்டா குதிக்கவில்லை. ஓல்டர்மன் தலையில் ஏறியது மஞ்சள் தொப்பி. ஸ்டோக்கர்ஸின் நிறம் கறுப்பு. மஞ்சள், அடுத்த முறைக்குக் காத்திருந்த பரம வைரி மில்ஹேவனின் நிறம்.

கத்தல் பாதியில் நின்றது. பிறகுதான் டிவியில் விளக்கம் வந்தது: முறையை வேறொரு டீமுக்கு மாற்றிக்கொள்ளக் கடைசி நொடிவரை போனில் பேரம் பேசி, ஸ்டோக்கர்ஸ் நேரத்தைக் கோட்டைவிட்டிருக்கிறது. நேரம் தீர்ந்தால் அடுத்த டீம் முந்தலாம்; மில்ஹேவன் முந்திக்கொண்டது.

"பத்து நிமிஷம் குடுத்தாங்க!" செட் அலறினான். "பத்து நிமிஷத்துல ஒரு பேர் எழுதத் தெரியாதா? நான் பாதிக் கூரையைப் பிரிச்சிருப்பேன்!"

லொரெட்டா திரையில் ஓல்டர்மனின் பாதங்களைப் பார்த்தாள். அந்தக் கால்கள் இனி வருஷத்துக்கு இரண்டு முறை ஸ்டோக்கர்ஸுக்கு எதிராக ஊன்றி நிற்கும். எட்டு மாதம் பார்த்த கால்கள். அவள் இடுக்கியை எடுத்து, செட்டின் தட்டருகே வைத்தாள்.

அவன் பாம்பைக் கண்டவன்போல் கையை இழுத்துக்கொண்டான். "விளையாடாத. அவனைத்தான் எடுக்க இருந்தாங்க. இது செல்லாது."

"நம்ம டீம் சொல்லலேன்னான்னுதான் சொன்னேன். சொல்லல."

"லொரெட்டா, எனக்குத் தீ மூட்டக்கூடத் தெரியாது."

"செப்டம்பர் வரைக்கும் நேரம் இருக்கு. அதையும் கோட்டை விட்றாத."

அவள் வாளியிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு, மேல்கோட்டை மாட்டினாள். காலை ஐந்தரைக்குப் பேருந்து எடுக்க வேண்டும். வாசல் வரை போனவள் திரும்பி நின்றாள்.

"செட், முதல் ஆட்டத்துக்கு நான் எங்க நிக்கணும்?"

செட் இடுக்கியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.