கறிக்கடைக்காரன் வீட்டுக்கு வந்த நாய்

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் நாற்பது வருஷம் ஆட்டுக்கறி வெட்டியவன் நான். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. ஆனால் என் வேகத்துக்கு ஒரு முழு ஆட்டைப் பிரித்துப் போட அந்தச் சந்தையில் இன்னொருத்தன் இல்லை. சிராங்கூனில், அடுக்குமாடியில்லாத தரைவீடு வாங்கியது இந்தக் கைதான்.

மனைவி இறந்த பிறகு, நாய்கள் காப்பகத்தில் ஒரு நாய் கேட்டேன். பழுப்பு நாய் ஒன்றைத் திறந்துவிட்டார்கள். நேராக என் மார்பில் பாய்ந்து முகமெல்லாம் நக்கியது.

"இது ஒரு நிமிஷம் சும்மா நிக்காது லா, அங்கிள்," என்றாள் அங்கிருந்த பெண். "வீட்டப் பாத்துட்டுத்தான் குடுப்போம். சரியில்லன்னா திரும்பக் கூட்டிட்டுப் போயிடுவேன்."

சனிக்கிழமை காலை நாயோடு வருவதாக ஏற்பாடு. என் வீட்டில் அதற்கு எந்தக் குறையும் வராது என்று அவள் கண்ணால் பார்க்கட்டுமே என்று, வாசலில் ஒரு தாம்பாளம் நிறையப் பச்சை எலும்பும் கொழுப்பும் குவித்து வைத்தேன். கேட்டையும் திறந்து வைத்தேன். கறிக்காரன் புத்தி.

சொன்னபடி வந்து அவள் நாயின் வாரை அவிழ்த்ததும், வாசனை பிடித்துப் பக்கத்து வீட்டுக் கறுப்பு நாய் உள்ளே புகுந்தது. பழுப்பு அதனிடம் விளையாட ஓடியது. கறுப்பு அதன் கழுத்தைக் கவ்வி, ஈரத்துணியை உதறுவது போல உதறியது. தாம்பாளம் உருண்டது. சிமெண்டுத் தரையில் ரத்தம் கோடு போட்டது.

நான் கை ஓங்கியதும், "அடிக்காதீங்க அங்கிள், இன்னும் இறுக்கிடும்," என்று அவள் கத்தினாள்.

ஆயிரம் ஆட்டுத்தலை பிளந்தவனுக்குத் தாடை எங்கே திறக்கும் என்று தெரியும். முழங்காலால் கறுப்பை அழுத்தி, வலது கையைக் கடைவாயில் திணித்தேன். பல் உள்ளங்கையைக் கிழித்து எலும்பில் முட்டியது. இடது கையால் அதன் கழுத்துப்பட்டையை முறுக்கினேன். மூச்சு முட்டிய பிறகுதான் விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து இழுத்துப் போனார்.

கழுத்துத் தோல் தொங்க, பழுப்பு தவழ்ந்து வந்து என் கையை நக்கியது.

"இந்த வீட்டுல எப்படி விடுறது, அங்கிள்?"

"தப்பு என்னுதும்மா. இனிமே எலும்பு வெளிய வராது. கேட்டு பூட்டியே இருக்கும்."

அவள் பழுப்பைத் தூக்கிக்கொண்டாள். மூவரும் மருத்துவமனைக்கு வண்டி ஏறினோம்.

மூன்று வாரம் கழித்து நாயோடு வந்து, புதுப்பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தத்தெடுப்புத் தாளை நீட்டினாள். என் வலது கையில் இன்னும் பெரிய கட்டு. கைநாட்டு என்று எவனும் சொல்லக் கூடாதென்று முப்பது வயதில் கையெழுத்துப் பழகியவன் நான். அன்று இடது கட்டைவிரலை மையில் அழுத்தினேன். துள்ளிவந்த பழுப்பு தாளில் மிதித்ததில் மை கொஞ்சம் கலைந்துவிட்டது. பரவாயில்லை என்று சொல்லி அவள் மடித்து வைத்துக்கொண்டாள்.