குங்குமம் துடைத்த ஜன்னல்

1. பாஸ்

மலேசியாவின் ஷா ஆலமில் எங்கள் கம்பெனியில் ஒரு பெரிய இரும்புத் தொட்டி இருக்கிறது. சேம்பர் என்போம். கடலுக்கு அடியில் போகும் பொருளை அதற்குள் வைத்து, தண்ணீர் நிரப்பி, பம்பால் அழுத்தம் ஏற்றுவோம். ஆழ்கடல் அதை என்ன செய்யும் என்று தரையிலேயே தெரிந்துவிடும். வழக்கமாக எண்ணெய்க் கிணற்று வால்வுகள்தான் வரும். சுற்றுலா நீர்மூழ்கி ஒன்றின் பெரிய ஜன்னல் வருகிறது என்றதும், மேனேஜரிடம் ஓடிப்போய் அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன்.

சொந்தக்காரர் கிள்ளான் வியாபாரி. எல்லோருக்கும் அவர் டத்தோ; மரியாதைக்காகக் கொடுக்கப்பட்ட பட்டம். பழைய நீர்மூழ்கியை வெளிநாட்டில் வாங்கி, தன் லோரி பட்டறையிலேயே புதுப்பித்துக்கொண்டிருந்தார். வசதியானவர்களைச் சபா மாநிலத்துப் பக்கம் ஆழ்கடலில் இறக்கிக் காட்டுவது திட்டம். முதல் பயணத்தில் அவரும் கல்லூரியில் படிக்கும் மகள் யாழினியும் போவதாக இருந்தது.

ஜன்னல் தடித்த அக்ரிலிக். பார்க்கக் கண்ணாடி மாதிரியே இருக்கும். சேம்பரில் தாங்கியது. பாஸ்.

"முதல் ட்ரிப்ல நீயும் வாம்மா, சீட் ஃப்ரீ. காசு வச்சிருக்கிறவன்லாம் கியூல நிக்கிறான்" என்றார் டத்தோ. அன்று மாலை பிரிக்பீல்ட்ஸில் தோழிகளுக்கு என் செலவில் தோசை.

2. பூஜை

ஜன்னலைத் திரும்பப் பொருத்தியதும் பட்டறையில் பூஜை. நானும் போனேன். புது லோரிக்குச் செய்வதுபோலவே மாலை, எலுமிச்சம்பழம், ஜன்னலில் சந்தனம், குங்குமம். சாப்பாடு முடிந்ததும் படம் எடுக்க ஆள் வந்தார். காய்ந்த குங்குமம் கறையாக நின்றது. பட்டறையில் வேலை செய்யும் சிவா அண்ணன் பெயிண்ட் கரைக்கும் தின்னரில் துணியை நனைத்து அழுத்தித் துடைத்தார். பளிச்சென்று ஆனது.

"அண்ணே, அது கண்ணாடி இல்ல."

"பின்ன? லோரி கண்ணாடியெல்லாம் இதுலதானே துடைக்கிறோம்."

"இது பிளாஸ்டிக். தின்னர் பட்டா விரிசல் விடும்."

அவர் துணியைக் கீழே போட்டுவிட்டார். "எங்கிட்ட யாரும் சொல்லலயேம்மா."

உண்மைதான். நாங்கள் யாரும் சொல்லவில்லை.

3. சீட்

டத்தோவிடம் போய், ஜன்னலைக் கழற்றி மறுபடி அனுப்பச் சொன்னேன்.

"நீதானம்மா பாஸ்னு சொன்ன?"

"பாஸ் ஆனப்ப அதுல தின்னர் படல, டத்தோ. வெளி சேஃப்டி இன்ஸ்பெக்டர் யாராச்சும் இந்த நீர்மூழ்கிய பார்த்தாங்களா?"

"அவனுங்கள விட்டா வருஷக் கணக்கா இழுப்பானுங்க. நம்ம ஆளுங்க போதும்லா."

பணக்காரர்களை ஏற்றிப் போன நீர்மூழ்கி ஒன்று ஆழ்கடலில் நொறுங்கிய செய்தியை எல்லோரும் பார்த்திருந்தோம். அதைச் சொன்னேன்.

"அது வேற மெட்டீரியல். நம்ம கெஸ்ட் எல்லாம் ரிஸ்க் தெரியும்னு சைன் வச்சுட்டுத்தான் வர்றாங்க."

"எந்த ரிஸ்க், டத்தோ? இந்த ரிஸ்க் எனக்கே இப்பதானே தெரியும்."

அவர் சிரித்தார். "டிவி பார்த்து பயந்துட்டியா?"

"ஆமா. நான் வரல."

பாயாசக் கிண்ணத்தோடு பக்கத்தில் நின்ற யாழினி என்னைப் பார்த்தாள். "போன வாரம் நீங்கதானேக்கா எனக்கு தைரியம் சொன்னீங்க?"

"அப்ப எனக்குத் தெரிஞ்சத வச்சு சொன்னேன். இப்ப தெரிஞ்சதையும் சொல்றேன்."

அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். "அப்பா, அக்கா உக்கார மாட்டேங்கிற வண்டியில என்னை உக்கார வைக்காதீங்க."

டத்தோ என்னைக் கோபமாகப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு, "சிவா, கழட்டு" என்றார்.

4. டார்ச் லைட்

ஜன்னல் ஷா ஆலம் வந்தது. பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். ஓரத்தில் வெள்ளி முடி போல மெல்லிய விரிசல் கோடுகள், கொத்துக் கொத்தாக. மேனேஜர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, சேம்பருக்குள்ளேயே விடக்கூடாது என்றார். ஃபெயில்.

டத்தோ நேரில் வந்தார். கோடுகளின் மேல் விரலை ஓட்டினார். "கைக்கு ஒண்ணும் தட்டலையே."

"தட்டாது, டத்தோ."

"யாழினி இந்த ஜன்னல் பக்கம்தான் உக்காருவேன்னு சொல்லிட்டு இருந்தா." போகும்போது இன்ஸ்பெக்டர் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

புது ஜன்னலுக்கு ஆர்டர் போயிருக்கிறது. நீர்மூழ்கி பட்டறையில் கிடக்கிறது. இன்ஸ்பெக்டர் கேட்கும் கேள்விகள் முடிந்தபாடில்லை. பணம் கட்டியவர்கள் முணுமுணுக்கிறார்கள். என் சீட் அப்படியே இருக்கிறதாம், எனக்கும் ஆசை போகவில்லை.

எங்கள் லேபுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். சேம்பர் பாஸ் என்று சொல்வது அன்றைக்கு உள்ளே இருந்த பொருளை மட்டும்தான். வெளியே போனபின் அதைத் தொடப்போகிறவர் யாரென்று விசாரித்து, அவரிடமும் பேசுங்கள். நான் இப்போதெல்லாம் சிவா அண்ணனுக்கு அடிக்கடி போன் செய்கிறேன்.

"அண்ணே, நீர்மூழ்கியோட மத்த ஜன்னலையெல்லாம் எதுல துடைக்கிறீங்க?"

"சோப்புத் தண்ணிதான்லா. தின்னர் டின்ன லோரி பக்கம் கொண்டுபோய் பூட்டி வச்சிருக்கேன். டத்தோ கேட்டாக்கூட சாவி குடுக்க மாட்டேன்."