அண்ணன் கொண்டுவந்த மல்லித்தழை

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோயமுத்தூரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பம்பு கம்பெனியில் லேத் ஓட்டினார். மல்லித்தழையை நான் கடையில் வாங்கியதே இல்லை. ஊருக்குக் கிழக்கே வாய்க்காலை ஒட்டிய எங்கள் பூமியில் அண்ணன் மல்லியும் கீரையும் போட்டிருந்தார். சந்தைக்குப் போகிற வழியில் டெம்போவை நிறுத்தி, ஈரம் சொட்டச் சொட்ட ஒரு தழைக்கட்டை வாசப்படியில் வைத்துவிட்டுப் போவார். பிறந்த வீட்டிலிருந்து அது வருவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த வாய்க்காலில் ஊர்ச் சாக்கடை கலப்பது எல்லோருக்கும் தெரியும். பிடுங்கிய தழையை அதில்தான் அலசுவார்கள். வேரில் மண் ஒட்டியிருந்தால் சந்தையில் யாரும் கையால் தொடமாட்டார்கள். மண் போய்விட்டால் சுத்தம் என்பதுதான் எங்கள் கணக்கு. எங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதே அரிது. ஒரு சொம்புத் தண்ணீரில் ஓர் அலசு அலசி, பச்சைத் துவையல் அரைத்துவிடுவேன். என் வீட்டுக்காரருக்கு அது இருந்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

அவருக்குக் காய்ச்சல் வந்தது. மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிவந்தார். காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டார். மிச்சத்தையும் சாப்பிடச் சொன்னேன்.

“காச்சல் விட்டப்பறம் மாத்திரை திங்கறது, பஸ்ஸ உட்டு எறங்குனப்பறம் டிக்கெட் எடுக்கறதாட்ட” என்று சிரித்தார்.

மிச்சம் இருந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா வயிற்றுப்போக்குக்கு வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வரிசையில் உறைமோர் போலத்தான் மாத்திரையும் வீட்டுக்கு வீடு போகும். யாராவது கேட்டால் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

காய்ச்சல் திரும்பி வந்தது. இந்த முறை அக்கா வேறு யார் வீட்டிலிருந்தோ மாத்திரை வாங்கிக் கொடுத்தார். உடம்பு கொதித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் காலையில் அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

டைபாய்டு என்றார்கள். ரத்தத்தைச் சோதித்துவிட்டு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். “அந்த மாத்திரை இவருக்கு இனிக் கேக்காதும்மா. கிருமி அதுக்குப் பழகிருச்சு. வேற மருந்து போட்டுப் பாக்கறோம்” என்றார். பச்சையாக என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். மல்லித்தழை என்றேன். எங்கே விளைவது என்றார். அதற்கும் பதில் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டவில்லை. அவரும் களைத்துப்போயிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்து, ஊசி மருந்து ஏறுவதைப் பார்த்தபடியே அந்த நாட்கள் போயின. பிழைப்பாரா என்று யாரிடமும் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

எலும்பும் தோலுமாக அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். இன்னும் சில நாட்களுக்கு மாத்திரை கொடுத்திருந்தார்கள், ஒன்றுகூட விடக்கூடாது என்று சொல்லி.

அந்த வாரத்தில்தான் அண்ணன் வந்தார். தழைக்கட்டை வைத்துவிட்டு, வழக்கம்போல் கிளம்பாமல் படியிலேயே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது.

“ஏன் அம்மணி, மாப்பளைக்குக் குடுத்த மாத்திரை இருக்குமல்லோ? ஒரு நாலு குடு. ரெண்டு நாளா ஒடம்பு காயுது.”

மாத்திரை வைத்திருந்த மாடத்தை நான் திரும்பிப் பார்த்தேன்.

“இல்லியா கண்ணு?”

“இருக்குதுங்கண்ணா. ஆனா தரமாட்டனுங்க.”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். உள்ளே படுத்திருந்த வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார்: “மச்சான், எனக்கே ஜெயில் சோறாட்ட எண்ணித்தான் போடறா. நீங்க கேட்டா கெடைக்குமா?”

அண்ணன் சிரிக்கவில்லை. “செரி, தழையவாச்சும் எடுத்து உள்ள வையி. வாடிப்போகுது.”

“அதும் வேண்டாங்கண்ணா. பச்சையா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்லீட்டாருங்க. அந்தத் தண்ணி…”

“அந்தத் தண்ணிலதான நீயும் நானும் வளந்தோம்?”

“ஆஸ்பத்திரிக்குப் போலாம், நானும் வாரனுங்க” என்று மட்டும் சொன்னேன். சந்தைக்கு நேரமாகிறது என்று அவர் எழுந்தார். தழைக்கட்டை எடுத்து டெம்போவில் மற்ற கட்டுகளோடு போட்டார். திரும்பிப் பார்க்காமல் போனார். பிறந்த வீடு அன்றோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்காரருக்குக் கஞ்சி வைத்தேன்.

உச்சி வெயிலில் டெம்போ மறுபடி வந்து நின்றது. அண்ணனால் இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே, “வா அம்மணி, போலாம்” என்றார்.

ஏறி உட்கார்ந்தபோது பின்னால் பார்த்தேன். ஈரச் சாக்கு மட்டும் கிடந்தது. நான் வேண்டாம் என்ற கட்டும் சந்தையில் விற்றுப்போயிருந்தது.